ஆறுமணிக் குருவி

காஞ்சிபுரத்துக்கு அடுத்த கூரத்தின் பக்கத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஐப்பசி மாதம் ஒரு விடியற்காலை, அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பறவை இறகு கலைந்து ஒடுங்கிக் கிடந்ததாம். குழந்தைகள் அதை மீன்கொத்தி என்றார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர், "யாரோ வளர்த்த சீமைப் பட்சி, கூண்டிலிருந்து தப்பி வந்திருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூடையைக் கவிழ்த்து அதனுள் பறவையை வைத்து, அரிசியும் தினையும் போட்டுப் பாலும் புகட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. "உடம்பு பச்சை, வயிற்றின் அடியில் நல்ல சிவப்பு, வால் இருந்தும் இல்லாதது போல் குட்டை, கண்ணின் மேல் மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. இது என்ன பறவை?" என்று கேட்டிருக்கிறார்.

நேயர் தந்த அடையாளங்களில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. சீமைப் பட்சியல்ல, நம் தேசத்துப் பறவை. ஆனால் நம் ஊரில் பிறந்ததல்ல. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் வடக்கேயிருந்து வந்து, பங்குனி சித்திரை வரையில் நம்மோடு தங்கிவிட்டுத் திரும்பிப் போகும் விருந்தாளி. அரிசியையும் தினையையும் அது தொடாது. புழு, பூச்சி, கறையான், சிறு நத்தை இவைதாம் அதன் ஆகாரம். தானியத்தின் நடுவில் அது பசியோடு இருந்திருக்கும் என்பதை நினைத்தால் வருத்தமாயிருக்கிறது. அந்த வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. அன்போடுதான் செய்தார்கள். பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். பெயர் தெரிந்திருந்தால் ஆகாரம் தெரிந்திருக்கும். ஆகாரம் தெரிந்திருந்தால் கூடையைக் கவிழ்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பறவையின் வர்ணங்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், பட்டு நெய்யும் சீமையில் இருந்துகொண்டு நாம் நெசவாளரின் மொழியைக் கடன் வாங்காமல் இருக்க முடியாது. முதுகு இலைப்பச்சை. தோளில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பான துண்டு. உச்சந்தலை சந்தன நிறம். அதன் நட்டநடுவில் வகிடு எடுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. கண்ணை ஊடுருவிப் பிடரி வரையில் செல்லும் அகலமான கறுப்புப் பட்டை. அதற்கு மேலே மெல்லிய வெள்ளைப் புருவம். கழுத்து வெள்ளை. மார்பு காவி கலந்த பழுப்பு. அடிவயிறு தொடங்கி வாலின் அடிவரையில் குங்குமச் சிவப்பு. வாலின் நுனியில் மறுபடியும் நீலம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்த புடவையில் இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று கலங்காமல் ஒரு கோட்டில் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். காவி மார்பும் சிவந்த அடிவயிறும் அப்படித்தான் சந்திக்கின்றன. ஹிந்தி பேசும் பிரதேசங்களில் இதற்கு நவரங் என்று பெயர். ஒன்பது நிறங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டு என்று நம் மாணவன் ஒருவன் பிடிவாதம் பிடித்தான். எண்ணத் தொடங்கினால் எட்டும் வரும், பத்தும் வரும். எதை நீலம் என்கிறோம், எதைப் பச்சை என்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடைதான். மயிலைப் போலவும் தேன்சிட்டைப் போலவும் ஆணுக்கு மட்டும் அலங்காரம் என்ற வழக்கம் இதனிடம் இல்லை.

இத்தனை நிறம் இருந்தும் இதைப் பார்த்தவர்கள் சொற்பம். காரணம், இது இருக்கும் இடம். மரக்கிளையின் உச்சியில் உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் சுபாவம் இதற்கு இல்லை. அடர்ந்த புதரின் அடியில், சருகு மெத்தையின் மேல், அரைவெளிச்சத்தில் தத்தித் தத்திப் போகும். அலகினால் ஒரு சருகைப் புரட்டும், நிற்கும், குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும், மறுபடியும் ஒரு தத்து. நிழலில் பச்சையும் கறுப்பாகிவிடுகிறது, சிவப்பும் கறுப்பாகிவிடுகிறது. படத்தில் பளிச்சென்று கண்ட பறவையைத் தேடுகிறவனுக்கு எதிரில் நிற்கும் பறவை தெரியாது. தோட்டக்கள்ளன் என்ற பெயர் இந்த ஒளிந்து நடமாடும் வழக்கத்தினால் வந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தோட்டத்தில் அது திருடுவது பூச்சிகளைத் தவிர வேறொன்றுமில்லை.

ஆகவே பறவையை அடையாளம் காண விரும்புகிற நேயர்களுக்கு நாம் சொல்வது இது: நிறத்தை முதலில் கேளாதீர்கள். எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, உடம்பின் வடிவம் என்ன என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். மேற்படி கடிதத்தில் வரும் மீன்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். வெண்மார்பு மீன்கொத்திக்கு முதுகு நீலம், தலை காப்பிக்கொட்டை நிறம், மார்பு வெள்ளை. நிறங்களின் பட்டியலை மட்டும் கேட்டால் இரண்டும் நெருங்கிய உறவு போலத் தோன்றும். ஆனால் மீன்கொத்தியின் அலகு அதன் தலையை விட நீளம். கால் இருப்பதே தெரியாது. கம்பியிலோ கிளையிலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆறுமணிக் குருவிக்கு அலகு நடுத்தரம், கால் நீண்டு வலுவானது, வாசம் தரையில். பனங்காடை பறக்கும்போது இறகில் இரண்டு விதமான நீலம் மின்னும். அது திறந்தவெளியில், தந்திக் கம்பியில் உட்காருகிற பறவை. பஞ்சுருட்டானுக்கு உடம்பெல்லாம் பச்சை; வால் நடுவில் ஊசி போல இரண்டு இறகுகள் நீண்டிருக்கும்; ஆகாயத்தில் சுழன்று பூச்சியைப் பிடிக்கும். மாங்குயில் தங்க மஞ்சளில் ஜொலிக்கும். ஆனால் மரத்தின் உச்சாணிக் கிளையை விட்டு இறங்குவது அபூர்வம். தரையில், சருகில், வாலில்லாதது போல் ஒரு பறவை தத்தினால், நிறம் தெரிவதற்கு முன்பே முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. மிச்சமுள்ள கால்வாசிக்கு அந்தக் கறுப்புக் கண்பட்டை போதும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் உலகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. வங்காளத்துச் சதுப்புக்காடுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வேறு சில இனங்கள் உண்டு. தமிழ்நாட்டுக்கு வருவது இந்த ஒன்றே. ஆதலால் பெரிய பண்டிதர் சாட்சி இல்லாமலே நிச்சயமாய்ச் சொல்லிவிடலாம்.

கண்ணுக்கு அகப்படாத பறவை காதுக்கு நன்றாக அகப்படும். விடியும் தறுவாயிலும் அந்தி மயங்கும் வேளையிலும் புதருக்குள்ளிருந்து இரண்டு ஸ்வரத்தில் ஒரு கணீரென்ற சீழ்க்கை எழும். முதலாவது ஏறி நிற்கும், இரண்டாவது சறுக்கி இறங்கும். கூப்பிடும்போது பறவை தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகை ஆகாயத்துக்குக் காட்டும். ஒன்று கூப்பிட்டதும் நூறு கஜ தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அதற்கு அப்பாலிருந்து வேறொன்று. ஐந்து பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். பகலில் சாதாரணமாக மௌனம். மேகம் மூடினால் மட்டும் சில வேளை கூப்பிடும்.

ஆறுமணிக் குருவி என்ற பெயரை நாம் வெகு நாள் யோசித்துப் பார்த்ததுண்டு. பறவை கடிகாரம் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. அப்படியானால் மாதத்துக்கு மாதம் நேரம் மாறவேண்டுமல்லவா? காஞ்சியில் அது தங்கியிருக்கும் புரட்டாசி முதல் பங்குனி வரையில் சூரியோதயம் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் நிகழ்கிறது; அஸ்தமனம் ஏறத்தாழ ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில். நாம் பூமத்திய ரேகைக்குச் சமீபத்தில் வாழ்வதால் காலை ஆறும் மாலை ஆறும் வெகுவாக நகருவதில்லை. இதே பறவை குஞ்சு பொரிக்கும் இமயத்து அடிவாரத்திலோ ஆனி மாதத்தில் ஐந்தேகாலுக்கே சூரியன் உதித்து ஏழு மணிக்கு மேல்தான் மறைகிறான். அங்கே இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயரிட ஒருவருக்கும் தோன்றாது. இந்தப் பெயர் தெற்கே, குளிர்காலத்தில், அதன் கூப்பாட்டைக் கேட்டு எழுந்திருந்த ஜனங்கள் வைத்த பெயர். இலங்கையிலும் தமிழர் இதை இப்படியே அழைக்கிறார்கள். சிங்கள கிராமங்களில் ஒரு கதை சொல்வதுண்டு: மயில் இந்தப் பறவையின் அழகிய ஆடையைக் கவர்ந்துகொண்டதாம், அதைச் சொல்லிச் சொல்லித்தான் இது அழுகிறதாம். கவர்ந்தது போக மீதி இவ்வளவு என்றால் முதலில் எப்படி இருந்திருக்குமோ!

விஞ்ஞானிகள் வைத்த பெயரின் கதையும் கேட்கத் தக்கது. 1766இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது, குட்டைவால் காக்கை என்ற பொருளில் காக்கை இனத்தில் சேர்த்துவிட்டார். காக்கைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். பின்னால் 1816இல் பிரெஞ்சு அறிஞர் வியெய்யோ தனி இனமாகப் பிரித்து, அதற்குப் பிட்டா என்று பெயர் கொடுத்தார். பிட்டா என்பது லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. சிறு பறவை என்று பொருள்படும் சுத்தமான தெலுங்குச் சொல். ஆந்திர தேசத்துக் குடியானவன் வாயிலிருந்து புறப்பட்ட அந்தச் சொல்லைத்தான் இன்று ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இதன் உறவுப் பறவைகளைச் சொல்லும்போதும் உலகத்து அறிஞர்கள் உச்சரிக்கிறார்கள். நம்முடைய பள்ளிப் புத்தகங்கள் இதைச் சொல்லலாம்; சொல்லக் காணோம்.

இன்னொரு விசேஷம். இவ்வளவு கணீரென்று கூப்பிட்டாலும், இலக்கணப்படி இது பாடும் பறவைக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. கிளையைப் பற்றி அமரும் பறவைகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. குயில்பாட்டு என்று நாம் தவறாகச் சொல்வதையெல்லாம் விட்டுவிட்டு, மாங்குயில், தையல்சிட்டு, வண்ணாத்திக் குருவி முதலியவற்றை எடுத்துக்கொண்டால், அவை குரல்வளையில் நுட்பமான தசைகள் உடையவை. குஞ்சாயிருக்கும்போது பெரிய பறவைகளிடம் பாட்டைக் கேட்டுப் பழகுகின்றன. ஆறுமணிக் குருவி சேர்ந்த பிரிவில் அந்த அமைப்பு எளிது. கூப்பாடு பிறப்போடு வருவதாகவே கருதுகிறார்கள். குருவிடம் கற்காத வித்வான் என்று வைத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவில் இந்தப் பிரிவைச் சேர்ந்த பறவைகள் நூற்றுக்கணக்கான இனங்கள். நம் தேசத்திலோ மிகச் சில. அவற்றில் ஒன்று நம் கொல்லைப்புறத்துக்கு வருகிறது.

கூரத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்கள் அறிவார்கள். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கே சிவன் கோயில் எடுத்தான், குளம் வெட்டினான், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்தான். இதையெல்லாம் கூரம் செப்பேடு சொல்லுகிறது. இவ்வூரில் கிடைத்த நடராசர் செப்புத் திருமேனி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் வண்டியில் வந்து, கல்லைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு உச்சிவேளைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் குருவி கூப்பிட்டு முடித்திருக்கும்.

சென்ற தை மாதத்தில் நாம் நாலைந்து மாணவர்களோடு அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றோம். பனந்தோப்பிலும் வயலிலும் பயன் இல்லை. வேலிக்காத்தான் காட்டிலும் சத்தம் இல்லை. அதன் அடியில் நிழல் இருக்கிறது, மட்கிய சருகு இல்லை. புங்கமும் மூங்கிலும் நொச்சியும் நெருங்கி வளர்ந்த ஒரு பழைய தோட்டத்தின் வேலியோரத்தில்தான் முதல் சீழ்க்கை கேட்டது. உடனே ஓடிப்போய்ப் பார்க்கவேண்டுமென்று பிள்ளைகளுக்கு ஆசை. நாம் தடுத்து, பத்தடி தள்ளித் தரையிலேயே உட்காரச் சொன்னோம். வேலிக்குள் சருகு சலசலப்பது கேட்டது. அணிலாயிருக்கும் என்றான் ஒருவன். அணில் விடாமல் ஓடும். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து கலகம் செய்யும். இதுவோ ஒரு புரட்டு, ஒரு மௌனம், ஒரு புரட்டு. கால் மணி கழித்து வெயில் ஒரு சாண் அகலத்துக்குத் தரையில் விழுந்தது. அந்தச் சாணுக்குள் குருவி வந்து நின்றது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் பிற்பாடு, "தோளில் இருக்கும் நீலம் வேறு, வாலில் இருக்கும் நீலம் வேறு, சார்" என்று சொன்னான். பெரிய புத்தகங்களில் இருப்பதும் அதுதான்.

பறவையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். மைனாவை விடச் சிறிது. எடை 47 முதல் 66 கிராம். இமயத்து அடிவாரத்திலும் மத்திய இந்தியக் குன்றுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரையிலும் தென்மேற்குப் பருவமழையின்போது கூடு கட்டுகிறது. கூடு தரையிலோ தாழ்ந்த கிளையிலோ சருகையும் புல்லையும் உருட்டி வைத்தது போலிருக்கும். பக்கவாட்டில் வட்ட வாசல். நாலைந்து வெள்ளை முட்டைகள், ஊதாப் புள்ளிகளோடு. மழை முடிந்ததும் தெற்கே கிளம்புகிறது. இமயத்திலிருந்து காஞ்சி 1,500 கிலோமீட்டருக்குக் குறையாது. மத்திய இந்தியாவிலிருந்து என்றாலும் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும். அந்தக் கட்டைச் சிறகைக் கொண்டு இவ்வளவு தூரத்தையும் இராக்காலத்தில் கடக்கிறது. ஊர்கள் இருண்டிருந்த காலத்தில் இதனால் கெடுதல் இல்லை. இப்போது நகரங்களின் விளக்கு வெள்ளத்தில் மயங்கிக் கண்ணாடிச் சன்னல்களில் மோதி விழுகிறது. அல்லது களைத்துப்போய் மாடியிலும் கிணற்றடியிலும் இறங்குகிறது. புரட்டாசி ஐப்பசியில் சென்னையிலும் நம் ஜில்லாவிலும் வீடுகளில் "ஒரு வர்ணப் பறவை வந்து விழுந்திருக்கிறது" என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்.

விழுந்த பறவைக்கு என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறோம்; இந்த மாதத்தில் யாருக்காவது உதவும். முதல் காரியம், பூனையையும் காக்கையையும் தூர விரட்டுவது. இரண்டாவது, பறவையை மெல்லிய துணியால் பற்றி, காற்றுத் துவாரமிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடுவது. இருட்டுதான் அதற்கு மருந்து. இருட்டில் அச்சம் அடங்கிவிடும். கூண்டுக் கம்பியில் மோதி நெற்றியை உடைத்துக்கொள்ளும் பறவை பெட்டியில் பேசாமல் இருக்கும். வாயைத் திறந்து தண்ணீரோ பாலோ புகட்டவே கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும், உதவி என்று நினைத்துக் கொல்வதாகும். குழந்தைகள் நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதையும் அதட்டி நிறுத்த வேண்டும். அடி ஒன்றும் இல்லையென்றால் பல பறவைகள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்ததும், புதரும் சருகும் உள்ள இடமாகப் பார்த்துத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்து விலகிவிடலாம். அந்தி வேளை நல்லது, காக்கைகள் அடங்கியிருக்கும். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ வனத்துறையாருக்கோ மிருக வைத்தியருக்கோ தகவல் கொடுப்பதே சரி. அழகாயிருக்கிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பறவையின் வயிறும் இடம் கொடுக்காது.

சருகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. மார்கழி பிறந்தால் தோட்டத்தைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவது நம்மவர்களுக்கு ஒரு சுத்தம். வாசலைப் பெருக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கொல்லையின் கோடியில், மரத்தடியில் விழுந்த சருகு விழுந்தபடி கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதன் அடியில்தான் புழு இருக்கிறது. புழு இருக்கும் இடத்துக்குத்தான் குருவி வரும். இமயத்திலிருந்து வந்த பறவைக்கு ஒரு மூலைச் சருகு விட்டுவைப்பது பெரிய தர்மமொன்றுமல்ல.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். கூரத்துப் பக்கத்து நேயர்கள் அதில் கலந்துகொள்வதானால், கரும்பையும் மஞ்சளையும் வாங்கிவரப் போகுமுன் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வேலியோரமாக நின்று காது கொடுங்கள். கேட்டது மட்டுமே என்றாலும் எழுதலாம். கேட்டேன் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை குரல் என்பதை நமக்கும் ஒரு கார்டில் எழுதினால் தை மாதக் கடைசி இதழில் வெளியிடுகிறோம். பங்குனி முடிவில் எந்த நாளோடு குரல் நின்றுபோயிற்று என்பதையும் குறித்து வைத்திருங்கள்.